முழுங்கினதுக்குச் சாட்சி

— கார்டுல ஒரு கட்டம்கூட காலி இல்ல, சிஸ்டர். நல்லா எண்ணிப் பாத்துக்கங்க. சும்மா சொல்லக் கூடாது, கடைக்கு லீவு விட்ட நாள்லகூட இந்த மாத்திரைக்காக ஷட்டரைத் தூக்கியிருக்கேன்.

— எண்ணிட்டேன், மாஸ்டர். அறுபது கட்டம், அறுபது டிக். எங்க ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர்கூட இவ்வளவு சுத்தமா இருக்காது.

— அப்புறம் எதுக்குக் காலங்காத்தால வந்து, நல்ல நாற்காலிய விட்டுட்டு ஸ்டூல்ல உக்காந்து, அந்தக் கார்டையே திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? முடி வெட்டிக்கிற முகமாவும் தெரியலையே.

— ரெண்டு மாசம் முடியறப்போ சளி எடுத்துப் பாக்கணும்ல? போன வாரம் நம்ம லிஃப்ட்காரர் வந்து குடுத்துட்டுப் போனாரு. நேத்து சாயங்காலம் ரிசல்ட் வந்துச்சு.

— நல்ல சேதிதானே?

— கிருமி அப்படியே இருக்கு.

— அது எப்படி இருக்கும்?

— அதைத்தான் கேக்க வந்தேன்.

— என்கிட்டயா? டி.பி. கிருமியப் பத்தி முடி வெட்டறவன்கிட்ட கேக்கறீங்க. சிஸ்டர், நான் பாட்டுக்குக் கத்தியும் கத்திரியுமா இருந்தேன். நீங்கதான் ஒரு நாள் வந்து இதே ஸ்டூல்ல உக்காந்து, 'மாஸ்டர், நாங்க ரெண்டே நர்ஸு, பாக்க வேண்டியது பதினோரு தெரு. ஆஸ்பத்திரி திறக்கறது ஒன்பது மணிக்கு. லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு ஏழரைக்கெல்லாம் வேலைக்குக் கிளம்பிருவாரு. உங்க கடைதான் ஏழு மணிக்குத் திறக்குது'ன்னு ஆரம்பிச்சீங்க.

— ஆமா, நான்தான் ஆரம்பிச்சேன்.

— 'ஒரு மனுஷன் நாலு மாத்திரை முழுங்கறதைப் பாத்துட்டு ஒரு டிக் போடணும், அவ்வளவுதான் வேலை'ன்னு சொன்னீங்க. சொன்னீங்களா இல்லையா?

— சொன்னேன். அரசாங்கம் மாத்திரை குடுக்கும், கார்டு குடுக்கும், சளிய சோதிச்சுக் குடுக்கும். ஆனா காலைல ஏழு மணிக்குப் பக்கத்துல நின்னு பாக்கற கண்ணை அரசாங்கத்தால குடுக்க முடியாது. அதை உங்களை மாதிரி ஆளுங்ககிட்டதான் கேக்கணும். சைக்கிள் கடைக்காரர் ஒருத்தரைப் பாக்கறாரு, லைப்ரரி அம்மா ரெண்டு பேரைப் பாக்கறாங்க, ஸ்கூல் வாட்ச்மேன் ஒருத்தரைப் பாக்கறாரு. நீங்க இவரைப் பாக்கறீங்க.

— பாத்தேனே! பாத்துட்டுத்தானே டிக் போட்டேன்! பாக்காமப் போட்டேன்னு நினைக்கறீங்களா?

— அப்படி நினைச்சிருந்தா உங்களைக் கேக்காமலே வேற ஆளுக்கு மாத்தியிருப்பேன். கோவப்படாதீங்க, மாஸ்டர். ஒண்ணு ஒண்ணாப் பாப்போம். கார்டு சரின்னு சொல்லுது. சளி சரியில்லைன்னு சொல்லுது. ரெண்டுமே பொய் சொல்லாதுன்னு வச்சுக்கிட்டா, ரெண்டுக்கும் நடுவுல ஏதோ ஒரு சந்து இருக்கு. அதைக் கண்டுபிடிக்கணும்.

— மாத்திரையே டூப்பா இருந்தா?

— ஆஸ்பத்திரிக்கு ஒண்ணா வந்த இதே சரக்குல இருந்துதான் இன்னும் பத்துப் பேருக்கும் குடுக்கறோம். அவங்க எல்லாரும் தேறி வர்றாங்க.

— அப்போ இந்தக் கிருமி கொஞ்சம் முரட்டுக் கிருமியோ என்னமோ.

— அதுதான் என் பயமே. இன்னிக்குப் பத்து மணிக்கு டாக்டர் என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேப்பாரு. 'இந்த ஆளு மருந்தை முழுசா முழுங்கினானா?' நான் ஆமான்னு சொன்னா, மருந்து கேக்காத கிருமின்னுதான் முதல்ல யோசிப்பாரு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதுவாரு. அங்க படுக்கை, வேற மருந்து, மாசக் கணக்கு. அந்த மருந்து காதைக் கெடுக்கும், நரம்பைக் கெடுக்கும். திரும்பி வரும்போது இவருக்கு லிஃப்ட் வேலை இருக்குமான்னு தெரியாது.

— முழுங்கலைன்னு சொன்னா?

— முதல் நாள்ல இருந்து மறுபடி ஆரம்பிப்போம், இங்கேயே. அதனாலதான் ஏழு மணிக்கு அவர் வர்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட பேசணும்னு ஓடி வந்தேன்.

— அறுபது நாள் வீணாப் போச்சுன்னு நான் எப்படி என் வாயால சொல்லுவேன்? சிஸ்டர், ஒண்ணு கேக்கறேன். அவரு நல்லாத்தானே இருக்காரு? முதல்ல படியேறினாலே இரைக்கும். இப்போ எட்டு மாடி ஏறி மோட்டார் ரூமுக்குப் போறாரு.

— அதுலதான் எல்லாரும் ஏமாறறது. இந்தக் கிருமில சிலது முழிச்சுக்கிட்டு இருக்கும், சிலது தூங்கும். முழிச்சிருக்கறதை மாத்திரை சீக்கிரமே அடிச்சிரும். இருமல் குறையும், சாப்பாடு இறங்கும், ஆளு நல்லாயிட்டோம்னு நினைச்சுக்குவான். தூங்கறது ஒண்ணொண்ணா எந்திரிக்கும். எந்திரிக்கும்போது மாத்திரை வாசல்ல நிக்கணும். அதுக்குத்தான் ஆறு மாசம். அதுக்குத்தான் உங்க கண்ணு. நல்லாயிட்டவனுக்கு மாத்திரை கசக்கும், மாஸ்டர்.

— அரையும் குறையுமா முழுங்கினா?

— குச்சிய ஓங்கி ஓங்கிக் காட்டிட்டு அடிக்காமலே விட்டா நாய் பயப்படுமா?

— பழகிப் போயிரும்.

— கிருமியும் அப்படித்தான் பழகிக்கும். அப்புறம் நிஜமாவே அடிச்சாலும் சிரிக்கும்.

— ஆனா சிஸ்டர், ஒண்ணை மறந்துட்டீங்க. முழுங்கினா ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? முதல் நாள் அவரே பயந்துபோய் என்கிட்ட ஓடி வந்து சொன்னாரு. 'மாஸ்டர், எனக்கு உள்ள துரு பிடிச்சிருச்சு'ன்னு.

— மறக்கலை. போன வாரம் சளியோட அதையும் வாங்கிப் பாத்தேன். ஆரஞ்சுதான்.

— அவ்வளவுதான்! கேஸ் முடிஞ்சுது!

— முடியலை. நாலு முழுங்கினாலும் ஆரஞ்சு. ரெண்டு முழுங்கினாலும் ஆரஞ்சு. உள்ள போச்சான்னு கலர் சொல்லும், எத்தனை போச்சுன்னு சொல்லாது.

— நாலு. நான் எண்ணியிருக்கேன்.

— எப்படி எண்ணுவீங்க? அதைச் சொல்லுங்க. அவர் கதவைத் திறந்து உள்ள வர்றதுல இருந்து ஒண்ணு விடாமச் சொல்லுங்க.

— வருவாரு. ஜன்னல் பக்கத்து நாற்காலி, நீங்க சொன்ன மாதிரியே. ஃபேன் காத்து வெளிய போற பக்கம். துணியப் போத்துவேன். சோப்பு நுரை போடுவேன்...

— இருங்க. நுரையா?

— ஷேவிங்குக்கு.

— தினமுமா?

— பின்னே? தினமும் ஏழு மணிக்கு ஒரு ஆளு வந்து மாத்திரை போட்டுட்டுப் போனா, பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிக்கற கூட்டம் சும்மா இருக்குமா? என்ன மாத்திரை, எதுக்கு மாத்திரைன்னு நோண்டிருவாங்க. மத்தியானத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும். அதனால ஷேவிங்னு ஒரு சாக்கு வச்சேன். காசு வாங்கறதில்ல.

— தினமும் வழிக்கிற அளவுக்கு அவருக்குத் தாடி வளருதா?

— எங்க வளருது! ரெண்டு மாசமா வெறும் நுரையத்தான் வழிச்சுக்கிட்டு இருக்கேன். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கன்னம் இப்போ கண்ணாடி மாதிரி இருக்கு.

— சிரிக்க வைக்காதீங்க. மேல சொல்லுங்க.

— நுரை போட்டதும் தண்ணி டம்ளரை எடுப்பேன். மாத்திரைய ஒண்ணொண்ணா உள்ளங்கைல மறைச்சு வாய்க்குள்ள வைப்பேன். பெஞ்சுல இருந்து பாத்தா மீசை ஒதுக்கற மாதிரிதான் தெரியும். ஒரு மாத்திரை, ஒரு மிடறு தண்ணி. தாடைக்குக் கீழ கட்டை விரலை வச்சு முகத்தைத் தூக்கிப் பிடிப்பேன். தொண்டைக் குமிழ் ஏறும், இறங்கும். ஒண்ணு. மறுபடி ஏறும், இறங்கும். ரெண்டு. நாலு தடவை. முப்பது வருஷமா கழுத்துல கத்தி வைக்கறவன் நான். குமிழ் அசையறது என் விரலுக்குத் தெரியாதா?

— தெரியும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அப்புறம்?

— அப்புறம் என்ன, ஷேவிங்.

— வாயைத் திறக்கச் சொல்லிப் பாப்பீங்களா? நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லுவீங்களா? முதல் நாள் நான் சொல்லிக் குடுத்தேனே.

— அது... முதல் ரெண்டு மூணு நாள் பாத்தேன். ஆனா நுரை போட்ட வாயைத் திறக்கச் சொல்லக் கூடாது, சிஸ்டர். எங்க தொழில்ல அது தப்பு. நுரை உள்ள போகும், ஆளு இருமுவாரு, கத்தி வழுக்கும். நுரை போட்டுட்டா கஸ்டமர்கிட்ட கேள்விகூட கேக்கக் கூடாதுன்னு எனக்குத் தொழில் கத்துக் குடுத்தவரு சொல்லுவாரு.

— சரி. இப்போ நான் அந்த நாற்காலியில உக்காரறேன். அவருக்குச் செய்யற மாதிரியே எனக்கும் செய்யுங்க.

— என்ன விளையாட்டு இது! உங்க முகத்துல நான் நுரை போடறதா? வெளிய யாராவது பாத்தா, சிஸ்டருக்கு மீசை முளைச்சிருச்சுன்னு கிளப்பி விட்டுருவாங்க.

— அப்போ நீங்க உக்காருங்க. நான் நுரை போடறேன். ஊசியே போடறேன், நுரை போட மாட்டேனா?

— சரி, போடுங்க. பிரஷ்ஷை இப்படிப் பிடிக்கணும். சுத்திச் சுத்தி. ஐயோ, மூக்குக்குள்ள போகுது! உதட்டுக்கு மட்டும் வழி விடுங்க. ம்ம். பரவால்ல, அரசாங்க உத்தியோகம் போனாலும் பொழைச்சுக்குவீங்க.

— மாத்திரைக்குப் பதிலா பெப்பர்மிண்ட் வச்சிருக்கேன். நாலு. ஒண்ணு ஒண்ணா வைக்கறேன். முழுங்கறதும் முழுங்காததும் உங்க இஷ்டம். நான் கண்டுபிடிக்கறேன். இந்தாங்க, தண்ணி. கட்டை விரல் இங்க வைக்கணுமா?

— ம்.

— ஏறுது, இறங்குது. ஒண்ணு. அடுத்தது. ரெண்டு. மூணு. இந்தாங்க, கடைசி. நாலு. நாலும் உள்ள போயிருச்சு, மாஸ்டர். என் விரலுக்கே தெரியுது.

— ஆஆ...

— என்ன ஆ?

— வாயைப் பாருங்க. ஆஆ.

— ரெண்டு இருக்கு!

— கன்னத்துக்கு ஒண்ணு. சும்மா உங்களை ஏமாத்தலாம்னு ஒதுக்கி வச்சேன். தண்ணி மட்டும் உள்ள போச்சு. சிஸ்டர், அப்படின்னா...

— குமிழ் மாத்திரைக்கும் ஏறும், வெறும் தண்ணிக்கும் ஏறும். கன்னம் உப்பியிருந்தாலாவது தெரிஞ்சிருக்கும். ஆனா உங்க கன்னத்துல அரை இஞ்ச் நுரை.

— இந்த நுரைய நான்தானே போட்டேன். அவரு மானம் போயிடக் கூடாதுன்னு போட்டேன்.

— தெரியும். முகத்தைத் துடைச்சுக்கங்க. இந்தாங்க துண்டு.

— துண்டு! சிஸ்டர், துண்டு! ஷேவிங் முடிஞ்சதும் என் துண்டை வாங்கவே மாட்டாரு. சொந்தக் கைக்குட்டை கொண்டு வருவாரு. திரும்பி நின்னு வாயைத் துடைச்சுக்கிட்டு, மடிச்சுப் பையில வச்சுக்குவாரு. தன்னோட நோய் என் துண்டுல ஒட்டிடக் கூடாதுன்னு பாக்கறான்னு நினைச்சேன். எவ்வளவு நல்ல புள்ளைன்னு என் வீட்டுக்காரிகிட்டகூட பெருமையாச் சொன்னேன்!

— பேரு சொல்லியா?

— பேரு சொல்லுவேனா? 'ஒருத்தர்'னு சொன்னேன். இந்த மாத்திரைப் பெட்டிய எடுத்துக்கிட்டுப் போங்க, சிஸ்டர். எனக்கு வேண்டாம். அறுபது பொய் டிக் போட்டிருக்கேன். படிச்சவங்க யாருக்காவது குடுங்க.

— லைப்ரரி அம்மா படிச்சவங்கதான். முதல் வாரம் அவங்க பாத்துக்கிட்டு இருந்த ஆளு மாத்திரைய சட்டைக் காலர்ல சொருகிக்கிட்டுப் போனாரு. நான்கூட ஏமாந்திருக்கேன். ஒரு பாட்டையா என் கண்ணு முன்னாடியே பூந்தொட்டிக்கு மாத்திரை போட்டாரு. செடி நல்லா வளர்ந்துச்சு. பெட்டி உங்ககிட்டதான் இருக்கும். இனிமே ஒண்ணு மட்டும் மாத்திக்கங்க. முதல்ல மாத்திரை, அப்புறம் நாக்கு, அப்புறம்தான் நுரை.

— பெஞ்சுல கூட்டம் இருந்தா?

— ஆறே முக்காலுக்கு வரச் சொல்லுவோம். பின்பக்கம் கதவு இருக்குல்ல? இன்னொண்ணு. நீங்களும் உங்க வீட்டுக்காரியும் இந்த வாரம் வந்து நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துக்கணும். கிருமி இன்னும் இருக்குன்னா, அவர் பக்கத்துல நின்ன உங்களைப் பாக்காம விட முடியாது. பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல, பாத்துருவோம்.

— நான் வர்றேன். அவளுக்கு என்னன்னு சொல்றது? சரி, அது என் பாடு. அதோ, வர்றாரு பாருங்க. வரட்டும், கேக்கறேன் ரெண்டு வார்த்தை.

— மாஸ்டர், நீங்க பேச வேண்டாம். நான் பேசறேன்.

— வாங்க தம்பி, வாங்க. உக்காருங்க.

— சிஸ்டர், நீங்களா? கடைக்கே வந்துட்டீங்க. ரிசல்ட் வந்துருச்சா?

— வந்துருச்சு. உக்காருங்க, தம்பி. மாஸ்டர், இன்னிக்கு நுரை வேண்டாம். கிருமி குறையலை, தம்பி. ஆரம்பத்துல எப்படி இருந்துச்சோ அப்படித்தான் இருக்கு.

— அப்படியேவா? கொஞ்சம்கூடக் குறையலையா?

— ரெண்டு மாசம் மருந்து போன உடம்பு மாதிரி இல்ல. சரி, முதல்ல இன்னிக்கு மாத்திரையப் போடுவோம். இந்தாங்க நாலு, இந்தாங்க தண்ணி. முழுங்கிட்டு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டணும்.

— சரிங்க. ஒண்ணு. ம். ரெண்டு. சிஸ்டர், மத்த ரெண்டை வேலைக்குப் போயிட்டுப் போட்டுக்கட்டுமா? காலைல ஒண்ணும் சாப்பிடலை.

— வெறும் வயித்துலதான் போடணும். உங்களுக்கே தெரியும்.

— வயிறு ஒரு மாதிரி இருக்கு.

— தம்பி, சும்மா சொல்லக் கூடாது, நேத்துவரைக்கும் வயிறு நல்லாத்தான் இருந்துச்சு! இன்னிக்கு நுரை இல்லைன்னதும் வயிறு கெட்டுப் போச்சா?

— மாஸ்டர்!

— இல்ல சிஸ்டர், நான் கேக்கறேன். உங்க கைக்குட்டையக் கொஞ்சம் காட்டுங்க, தம்பி.

— வேண்டாம் மாஸ்டர், விடுங்க. தம்பி, எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. ரெண்டு முழுங்கறீங்க, ரெண்டை எடுத்துக்கிட்டுப் போறீங்க. எத்தனை நாளா?

— ...நாப்பது நாள் இருக்கும்.

— எதுக்கு? கண்ணு மங்குதா? மூட்டு வலிக்குதா? வாந்தி வருதா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, அதுக்கெல்லாம் வழி இருக்கு.

— அதெல்லாம் ஒண்ணும் இல்ல, சிஸ்டர்.

— வித்துட்டீங்களா?

— ஐயையோ, இல்ல!

— கேக்க வேண்டியது என் வேலை, கேட்டேன். சரி. எதுக்குன்னு இப்போ சொல்ல வேண்டாம். மிச்சம் ரெண்டையும் போடுங்க. டாக்டர்கிட்ட 'முழுசா முழுங்கலை'ன்னு நான் சொல்லிடறேன். பெரிய ஆஸ்பத்திரி வேண்டியிருக்காதுன்னு நம்புவோம். நாளைல இருந்து முதல் கட்டத்துல முதல் டிக்.

— சரிங்க. மூணு. நாலு. பாத்துக்கங்க.

— நாக்கைத் தூக்குங்க. நல்லது. மாஸ்டர், நீங்களும் வந்து பாருங்க. இப்படித்தான் பாக்கணும்.

— பாத்துட்டேன். பல்லு இடுக்குல சொத்தை ஒண்ணு இருக்கு, அதையும் கார்டுல எழுதவா?

— சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?

— கேளுங்க.

— நாலுக்குப் பதிலா எனக்கு ஆறா எழுதித் தர முடியுமா?

— ஆறா? எதுக்கு?

— கிருமி குறையலைன்னு சொன்னீங்கல்ல. ஆறு போட்டா சீக்கிரம் போயிரும்ல? லிஃப்டுல மோட்டார் இழுக்கலைன்னா பெரிய மோட்டார் போடுவோம். அது மாதிரி.

— பெரிய மோட்டாரைப் போட்டுட்டு, கம்பி தாங்குமான்னு பாக்க மாட்டீங்களா?

— பாப்போம். கம்பி தாங்கணும்.

— இங்க கம்பிங்கறது உங்க ஈரல். இந்த மாத்திரைய எத்தனைன்னு நானோ டாக்டரோ நினைச்சபடி எழுதறதில்ல. ஆளை எடை மெஷின்ல நிக்க வச்சு, கிலோவுக்கு இவ்வளவு மருந்துன்னு பாத்துத்தான் எழுதறோம். நீங்க அம்பத்தெட்டு கிலோ. உங்களுக்கு நாலு. அதுக்கு மேல போட்டா கிருமியோட சேந்து ஈரலும் அடி வாங்கும்.

— ஈரல் அடி வாங்கினா எப்படித் தெரியும்?

— சாப்பாடு பிடிக்காது. குமட்டும். அப்புறம் கண்ணு மஞ்சளாகும். ஏன் கேக்கறீங்க?

— சும்மாதான். கண்ணுல எங்க மஞ்சளாகும்? வெள்ளை முழியிலயா? இமைக்குக் கீழயா?

— வெள்ளை முழியில. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு, தம்பி.

— லேசா மஞ்சளா இருந்தா? லைட் வெளிச்சத்துல பாக்கறதுக்கும் வெயில்ல பாக்கறதுக்கும் வித்தியாசம் தெரியுமா?

— தம்பி. யாரோட கண்ணைப் பத்திப் பேசறீங்க?

— ஒண்ணும் இல்ல, சிஸ்டர். எனக்கு வேலைக்கு நேரமாச்சு. ஒரு பில்டிங்ல லிஃப்ட் நின்னு போச்சாம், நாலு தடவை ஃபோன் பண்ணிட்டாங்க.

— லிஃப்ட் நிக்கட்டும். நீங்க உக்காருங்க. அந்த ரெண்டு மாத்திரை யாருக்குப் போகுது?

— ...வீட்டுல ஒரு ஆளு இருக்கு.

— உங்க வீட்டுக்காரியா? அவங்களை அன்னிக்கே சோதிச்சோமே. ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சே.

— அவ இல்ல.

— வீட்டுல வேற யாரும் இல்லைன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? நான் வந்து பாத்தப்போகூட நீங்க ரெண்டு பேரும்தான் இருந்தீங்க.

— நீங்க வந்தது பகல்ல. பகல்ல நாங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போறவங்க. அன்னிக்கு உங்களுக்காக லீவு போட்டோம். அந்த ஆளைப் பகல்ல வேற வீட்டுல ஒரு அம்மா பாத்துக்கறாங்க. பேரு உங்க டி.பி. லிஸ்டுல வந்துச்சுன்னா, பாத்துக்க மாட்டேன்னு அந்தம்மா அன்னிக்கே சொல்லிருவாங்க. அப்புறம் எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலைய விடணும். அப்போ இருமலும் இல்ல, சிஸ்டர். அதனாலதான் எழுதலை.

— இருமல் எப்போ வந்துச்சு?

— நீங்க வந்துட்டுப் போன மூணாவது வாரம். என்னை மாதிரியே. காய்ச்சல், ராத்திரி வேர்வை. எனக்கு இந்த மாத்திரை நல்லது பண்ணிச்சுல்ல? அதே மாத்திரைதானேன்னு பாதிப் பாதியாப் பிரிச்சுக்கிட்டேன்.

— தம்பி, உங்கப்பாதானே? என் கடைக்கு வருவாரே, ரெண்டு பக்கமும் வழுக்கையா. அடடா, நல்ல மனுஷன். வயசான காலத்துல ரகசியமா மாத்திரை சாப்பிட வைக்கறதா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரையும் பக்கத்து நாற்காலியில உக்கார வச்சிருப்பேனே. ஒரே நுரையில ரெண்டு பேருக்கும் வேலை முடிஞ்சிருக்கும்.

— மாஸ்டர், அது...

— இப்படி இழுத்தா ஆமான்னு அர்த்தம். எங்க சிஸ்டரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஊர் வாயை எப்படி மூடறதுன்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

— மாஸ்டர், ஒரு நிமிஷம். தம்பி, தினமும் ரெண்டு மாத்திரையும் முழுசாவே குடுத்தீங்களா?

— முழுசாத்தான். முழுங்கத் தெரியலை, அதனால பொடி பண்ணி, தண்ணில கலக்கி. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடுத்தோம். இப்போ இருமல் நின்னு பத்து நாளாச்சு. ஆனா நாலு நாளா சாப்பாடு வேண்டாங்குது. பசி இல்லைன்னுதான் நினைச்சோம். நீங்க இப்போ சொன்னதும்தான் எனக்கு... சிஸ்டர், நான் தப்பு எதுவும் பண்ணிட்டேனா?

— அதை இப்போ பேச வேண்டாம். உங்களைத் திட்டவும் மாட்டேன், பேரும் கேக்கலை. லிஸ்ட், அந்தம்மா, வேலை, எல்லாத்தையும் அப்புறம் மூணு பேருமா உக்காந்து பாத்துக்கலாம். நீங்க குடுத்த ரெண்டு மாத்திரை அந்த உடம்புக்குக் கம்மியா, அதிகமான்னு மட்டும் எனக்கு இப்போ தெரியணும். அந்த ஆளு எடை எவ்வளவு?

— பதினாலு கிலோ.